மிஷனரிகளின் ஆப்பிரிக்கா: காய்ச்சல், மழை, மனைவிகள், தோட்டத் துரை

1861ஆம் ஆண்டு ஜூலை மாதம். இன்றைய மலாவி நாட்டின் தெற்கு மலைப்பகுதியில் ஒரு சிறு கூட்டம் நடந்து போய்க்கொண்டிருந்தது. அதில் ஒருவர் சார்லஸ் மெக்கன்சி, ஆங்கிலத் திருச்சபையின் பிஷப். ஒரு கையில் பிஷப்புகள் பிடிக்கும் மேய்ப்பர் கோல், மறு கையில் துப்பாக்கி. வழிகாட்டியாகக் கூட வந்தவர், மிஷனரியாக ஆப்பிரிக்கா வந்து பயணியாகப் பேர்பெற்ற டேவிட் லிவிங்ஸ்டன். வழியில் எதிர்ப்பட்ட அடிமை வியாபாரிகள், கழுத்தில் கவட்டைக் கட்டை மாட்டிய ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரர்களைக் கண்டதும் வியாபாரிகள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். கட்டைகளை அறுத்து 84 பேரை விடுவித்தார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஊர் இல்லை. அவர்களையே தன் முதல் சபையாக வைத்துக்கொண்டு மெக்கன்சி மகோமேரோ என்ற இடத்தில் குடியேறினார்.

இதுவரை நல்ல கதை. அப்புறம் நடந்ததுதான் சிக்கல். அந்த வட்டாரத்தில் மங்கான்ஜா மக்களுக்கும் யாவோ மக்களுக்கும் சண்டை. ஆட்களைப் பிடித்து விற்பதில் யாவோக்களுக்குப் பங்கு இருந்ததால் மிஷனரிகள் மங்கான்ஜா பக்கம் நின்று துப்பாக்கி தூக்கினார்கள். யாவோக் குடிசைகள் எரிந்தன. சேதி இங்கிலாந்துக்குப் போனதும், காசு கொடுத்து அவர்களை அனுப்பியவர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள். ஆயிரம் நல்ல காரணம் இருந்தாலும் பாதிரியார் ஊரைக் கொளுத்தலாமா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மெக்கன்சி உயிரோடு இல்லை. ஆற்றுப் பயணத்தில் படகு கவிழ்ந்து மருந்துகள் தண்ணீரோடு போயின. மலேரியா மருந்தான குயினைன் இல்லாமல் காய்ச்சலில் கிடந்து 1862 ஜனவரி 31 அன்று இறந்தார். கூடப் போன இளம் பாதிரியார் பர்ரப் சில வாரங்களில் இறந்தார். பஞ்சம் வந்தது, மேலும் சிலர் செத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் மிஷன் மூட்டை கட்டிக்கொண்டு சான்சிபார் தீவுக்குப் போய்விட்டது.

மகோமேரோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 54 வருடம் கழித்து அங்கே திரும்பி வருவோம்.

முதலில், யார் இந்த மிஷனரி?

தன் மதத்தைப் பரப்ப ஒரு சங்கம் அனுப்பிவைக்கிற ஆள்தான் மிஷனரி. லண்டன் மிஷனரி சொசைட்டி (1795), சர்ச் மிஷனரி சொசைட்டி (1799), சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் (1815), கத்தோலிக்கத் தரப்பில் அல்ஜியர்சில் தொடங்கிய வெள்ளை அங்கிப் பாதிரிமார் சபை (1868) என்று சங்கங்கள் பல. இவற்றுக்குப் பணம் பெரும்பாலும் ஐரோப்பாவின் சாதாரண மக்கள் காணிக்கையாகப் போட்ட சில்லறை. ஆகவே மிஷனரிக்கு எப்போதும் இரண்டு எசமானர்கள். எதிரே இருக்கும் ஊர்த் தலைவர் ஒருவர். கடலுக்கு அப்பால் உட்கார்ந்து, இந்த வருடம் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கடிதம் போட்டுக் கேட்கும் கமிட்டி இன்னொருவர். கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

காலனி ஆப்பிரிக்கா என்றதும் ஆட்சி முதலில் வந்தது, அதன் பின்னால் பாதிரியார் வந்தார் என்றுதான் நினைப்போம். பல இடங்களில் நடந்தது நேர்மாறு. ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைக் கூறுபோடுவதற்கு விதிகள் வகுத்த பெர்லின் மாநாடு 1884-85இல்தான் நடந்தது. அதற்கு ஐம்பது அறுபது வருடம் முன்பே மிஷனரிகள் அங்கே இருந்தார்கள்.

எனவே அவர்கள் பட்ட பாட்டை இரண்டு காலமாகப் பிரித்துப் பார்த்தால் புரிந்துகொள்வது சுலபம். முதல் காலத்தில் மிஷனரி விருந்தாளி. உள்ளூர் ராஜா இடம் கொடுத்தால் இருக்கலாம், போ என்றால் போக வேண்டும். இரண்டாவது காலத்தில் அவர் ஆளுகிறவனின் உறவுக்காரன். இப்போது யாரும் அவரைத் துரத்த முடியாது. ஆனால் நம்பவும் மாட்டார்கள். என்னைக் கேட்டால் முதலாவதைவிட இரண்டாவதுதான் கடினம் என்பேன். காய்ச்சலுக்காவது பின்னால் மருந்து வந்தது.

காய்ச்சல்

மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் 'வெள்ளையர் கல்லறை'. மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். சதுப்பு நில ஆவியால் காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி இருப்பதை ரொனால்ட் ராஸ் நம் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல்தான். அதற்கு முன்னால் போனவர்களுக்குத் தங்களைக் கொல்வது எது என்றே தெரியாது.

பாசல் மிஷன் முதல் நான்கு பேரை இன்றைய கானாவின் அக்ரா கரையில் இறக்கியது 1828 டிசம்பரில். எட்டு மாதத்துக்குள் மூவர் மரணம், நாலாமவரும் 1831இல் போய்ச் சேர்ந்தார். அடுத்து 1832இல் மூவர் வந்தார்கள். அதில் ஒருவர் டாக்டர். முதலில் இறந்தது அந்த டாக்டர்தான். மூவரில் பிழைத்தவர் ஆண்ட்ரியாஸ் ரீஸ் ஒருவர் மட்டும். அவரைக் காப்பாற்றியது ஐரோப்பிய மருந்தும் இல்லை, உள்ளூர் நாட்டு வைத்தியர். எந்த வைத்தியத்தைப் பேய்க் காரியம் என்று சொல்ல வந்தாரோ அந்த வைத்தியத்தால் உயிர் பிழைத்தார்.

கிழக்குக் கரையில், மொம்பாசாவுக்கு 1844இல் வந்த யோகான் லுட்விக் கிராப்புக்கு இரண்டு மாதத்தில் மனைவியும் பிறந்த குழந்தையும் போய்விட்டார்கள். அந்தத் துக்கத்தோடு அவர் சங்கத்துக்கு எழுதிய கடிதம் பிரபலமானது. இந்தக் கரையில் இப்போது ஒரு மிஷனரிக் கல்லறை இருக்கிறது, ஆகவே கண்டத்தின் இந்தப் பக்கத்தில் வேலை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். தைரியமா பிடிவாதமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இதே கிராப்பும் அவருடைய தோழர் ரெப்மானும்தான் கென்யா மலையையும் கிளிமஞ்சாரோவையும் முதலில் பார்த்த ஐரோப்பியர்கள். பூமத்திய ரேகை அருகே பனி மூடிய மலையா என்று லண்டனில் இருந்த புவியியல் மேதைகள் நம்ப மறுத்தார்கள்.

குயினைன் நிலைமையை மாற்றியது. 1841இல் நைஜர் ஆற்றில் போன பிரிட்டிஷ் பயணத்தில் ஐரோப்பியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தார். 1854இல் டாக்டர் பெய்கி அதே ஆற்றில் போனபோது தினமும் முன்கூட்டியே குயினைன் கொடுத்தார். ஒரு ஐரோப்பியர்கூடச் சாகவில்லை. இந்த நல்ல செய்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மிஷனரி பிழைக்க வழி செய்த மாத்திரைதான் வியாபாரியும் சிப்பாயும் உள்நாட்டுக்குள் போகவும் வழி செய்தது.

மழை

மழை ஒரு மதப் பிரச்சினையாகும் என்று இங்கிலாந்தில் படித்து வந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. நம் ஊரில் மழைக்காக வேண்டுதல் நடத்துகிறவர்களுக்கு இது எளிதில் புரியும்.

இன்றைய போட்ஸ்வானாவில் பக்வேனா மக்களின் தலைவர் செச்செலே. லிவிங்ஸ்டனிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். முதல் நாளே அகரவரிசை முழுவதும் படித்துவிட்டார் என்று லிவிங்ஸ்டன் எழுதியிருக்கிறார். வேட்டைக்குப் போகாமல் உட்கார்ந்து வேதம் படித்தே உடம்பு பெருத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். ஏசாயா தீர்க்கதரிசி என்றால் செச்செலேவுக்கு உயிர். அந்த மனுசனுக்குப் பேசத் தெரிந்திருக்கிறது என்று பாராட்டுவாராம். ஒருநாள் லிவிங்ஸ்டனிடம், சும்மா பேசிக்கொண்டிருந்தால் இவர்கள் கேட்க மாட்டார்கள், நான் சொன்னால் காண்டாமிருகத் தோல் சாட்டையை எடுத்து எல்லாரையும் விசுவாசியாக்கி விடலாமே என்று ஒத்தாசைக்கு வந்தார். லிவிங்ஸ்டன் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

சிக்கல் என்னவென்றால், செச்செலே தலைவர் மட்டுமல்ல, பேர்பெற்ற மழை மருத்துவரும்கூட. மூலிகைகளைக் கொண்டு மழையை வரவழைப்பது தலைவரின் கடமை. அவர் கிறிஸ்தவராவதற்காக அதை நிறுத்தினார். அந்த வருடங்களில் பார்த்துக் கடும் பஞ்சம். இதோ பக்கத்து ஊர்களில் மழை பெய்கிறது, ஜெபம் பண்ணுகிற நம் ஊரில் மட்டும் இல்லை என்று மக்கள் சொன்னார்கள்.

லிவிங்ஸ்டன் ஒரு மழை மருத்துவரோடு வாதாடியதையும் நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார். அதில் மழை மருத்துவர் சொன்னதன் கருத்து இது: நீ நோயாளிக்கு மருந்து கொடுக்கிறாய். சில சமயம் கடவுள் குணமாக்குகிறார், சில சமயம் ஆள் செத்துப்போகிறான். பிழைத்தால் பேர் உனக்கு. ஒருவன் செத்ததற்காக நீ மருந்து கொடுப்பதை நிறுத்திவிடுகிறாயா? நானும் அதையேதான் செய்கிறேன்.

லிவிங்ஸ்டனுக்கு இதற்குச் சரியான மறுமொழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவரும் அங்கே தான் ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மனைவிகள்

அதே செச்செலேவுக்கு ஐந்து மனைவிகள். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒரு மனைவிதான் என்பது விதி. கேட்கச் சின்ன நிபந்தனை போலத் தெரியும். அந்த மனைவிகளில் சிலர், செச்செலே இழந்த தலைமையைத் திரும்பப் பெற உதவிய சிறு தலைவர்களின் பெண்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது விவாகரத்து மட்டுமல்ல, கூட்டணியை முறிப்பது. நன்றி கெட்ட செயலும்கூட. இருந்தும் நான்கு பேருக்கும் புதுத் துணி எடுத்துக் கொடுத்து, அவரவர் பொருளோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தார். 1848 அக்டோபரில் ஞானஸ்நானம் நடந்தது. ஊரே அழுதது.

சில மாதங்களில், அனுப்பிவிடப்பட்ட மனைவிகளில் ஒருத்தி கர்ப்பம் என்று தெரிந்தது. குழந்தை செச்செலேவுடையது. லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்திலிருந்து, அதாவது சபையார் சேர்ந்து அப்பமும் ரசமும் உட்கொள்ளும் சடங்கிலிருந்து, விலக்கினார். கொஞ்ச காலத்தில் லிவிங்ஸ்டன் வடக்கே புறப்பட்டு, உலகம் அறிந்த பயணி ஆகிவிட்டார். மிஷனரியாக அவர் ஞானஸ்நானம் கொடுத்தது இந்த ஒருவருக்குத்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதுவும் கைநழுவியது என்பார்கள். ஆனால் செச்செலே விடவில்லை. மிஷனரி இல்லாமலேயே தானே பிரசங்கம் செய்தார், எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார், சுற்றியிருந்த மக்களுக்கும் வேதத்தைக் கொண்டுபோனார். தோல்வி என்று கணக்கில் எழுதப்பட்ட ஆள், அந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரர் பலரைவிட அதிகம் வேலை செய்தவர்.

மனைவிகள் பிரச்சினை ஆப்பிரிக்கா முழுவதும் இருந்தது. வேதத்தை வாசிக்கத் தெரிந்ததும் மக்கள் கேட்ட முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. ஆபிரகாமுக்கு எத்தனை பேர்? யாக்கோபுக்கு? தாவீதுக்கு? சாலொமோனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நேட்டால் பிஷப் கொலென்சோ, ஏற்கெனவே பல மனைவிகள் உள்ளவரை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம், துரத்தப்படும் பெண்களின் கதி என்ன ஆவது என்று 1855இலேயே வாதிட்டார். அவருடைய சபை கேட்கவில்லை. 1888இல் ஆங்கிலிக்கன் பிஷப்புகளின் லாம்பெத் மாநாடு, பலதார ஆண்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது, அவர்களுடைய மனைவிகளுக்கு வேண்டுமானால் சில சந்தர்ப்பங்களில் தரலாம் என்றது. இந்த விதி தளர்ந்தது 1988இல். சரியாக நூறு வருடம்.

கென்யாவின் கிகுயூ மக்களிடையே 1929இல் வெடித்த சண்டை இதைவிடக் கசப்பானது. பெண் பிள்ளைகளுக்குச் சடங்காகச் செய்யும் பிறப்புறுப்புச் சிதைப்பை ஸ்காட்லாந்து மிஷனும் வேறு சில மிஷன்களும் எதிர்த்தன. பிரசவத்தில் பெண்கள் படும் அவதியை மிஷன் டாக்டர்கள் கண்ணால் பார்த்தவர்கள். எதிர்த்ததில் தவறில்லை என்பதே என் கருத்து. ஆனால் செய்த விதம்? இந்த வழக்கத்தைக் கைவிடுகிறேன் என்று ஒப்பமிடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்றார்கள். நல்ல நிலங்களை வெள்ளைக் குடியேறிகளிடம் இழந்து கொதித்துக்கொண்டிருந்த மக்களுக்கு, நிலத்தை எடுத்தவர்கள் இப்போது பெண்களையும் எடுக்க வருகிறார்கள் என்று தோன்றியது. மிஷன் பள்ளிகள் காலியாயின. அந்தப் பெற்றோர் படிப்பை வெறுக்கவில்லை. தாங்களே கூரை போட்டுத் தனிப் பள்ளிகள் கட்டிக்கொண்டார்கள்.

சாத்தானுக்கு என்ன பெயர்?

மொழி. இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம், இரண்டு உதாரணத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

லிவிங்ஸ்டனின் மாமனார் ராபர்ட் மொஃபட், செட்ஸ்வானா மொழியில் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து 1857இல் குருமான் என்ற ஊரில் அச்சடித்து முடித்தார். பிரம்மாண்டமான உழைப்பு. ஆனால் புதிய ஏற்பாட்டில் வரும் பேய்களுக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் 'பதிமோ'. அந்த மொழியில் பதிமோ என்றால் முன்னோர். இயேசு ஒருவனிடமிருந்து பிசாசுகளைத் துரத்தினார் என்று வாசிக்க வேண்டிய இடத்தில், தாத்தா பாட்டிகளைத் துரத்தினார் என்று வாசித்த மக்களை நினைத்துப் பாருங்கள்.

நைஜீரியாவின் யோருபா மொழியில் சாத்தானுக்கு 'ஏஷு' என்ற பெயரை வைத்தார்கள். ஏஷு யோருபா மரபில் தெய்வங்களுக்கும் மனிதருக்கும் நடுவே தூது போகும், குறும்பும் குழப்பமும் செய்யும் தெய்வம். முழுத் தீமையின் உருவம் கிடையாது. இன்றைக்கும் இது தவறு என்று குரல் எழுப்புகிற யோருபாக்காரர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த மொழிபெயர்ப்பில் முதன்மையாக இருந்தவர் வெளிநாட்டுக்காரர் அல்ல. யோருபா மண்ணில் பிறந்த சாமுவேல் அஜாயி குரவுதர்.

குரவுதரின் வாழ்க்கை நம்பச் சிரமமானது. 1821இல் பையனாக இருந்தபோது பிடித்து விற்கப்பட்டார். அடுத்த வருடம் அவரை ஏற்றிய கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்தது. சியரா லியோனில் இறக்கிவிடப்பட்டு, படித்து, பாதிரியாராகி, 1864இல் பிஷப் ஆனார். ஆங்கிலத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப். நைஜர் பகுதி மிஷனை ஆப்பிரிக்கப் பணியாளர்களை வைத்தே நடத்தினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படங்களில் வெள்ளைப் பாதிரியார் மரத்தடியில் நின்று பேசுவது போல இருக்கும். உண்மையில் ஊர் ஊராகப் போனவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க உபதேசியார்களும் ஆசிரியர்களும்தான். கானாவில் பாசல் மிஷன் பிழைத்ததே அப்படித்தான். வெள்ளைக்காரனுக்குக் கடவுள் புத்தகம் கொடுத்தார், கறுப்பருக்கு வேறு கொடுத்தார், இந்தப் புத்தகத்தை வாசிக்கும் கறுப்பர் ஒருவரைக் காட்டு, பிறகு யோசிக்கிறோம் என்று அக்ரோபோங் ஊர் ராஜா, காய்ச்சலில் பிழைத்த அந்த ரீஸிடம் சொன்னதாக மிஷன் வரலாறு கூறுகிறது. காட்டுவதற்காக 1843இல் ஜமைக்கா, ஆன்டிகுவா தீவுகளிலிருந்து கறுப்பினக் கிறிஸ்தவக் குடும்பங்களைக் கப்பலில் அழைத்துவந்தார்கள். (இந்த பாசல் மிஷனை நமக்கும் தெரியும். நம் பழைய வீடுகளின் கூரையில் இருக்கும் மங்களூர் ஓட்டுக்கு 1865இல் அங்கே முதல் ஆலை வைத்தது இவர்கள்தான்.)

ஒருவரை ஒருவர் பொய்யர் என்ற பாதிரிகள்

இன்றைய உகாண்டாவில் புகாண்டா ராஜா முட்டேசாவின் அரண்மனைக்கு 1877இல் ஆங்கிலப் புராட்டஸ்டன்டுகள் வந்தார்கள். 1879இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே முஸ்லிம் வியாபாரிகள் அங்கே இருந்தார்கள். ராஜாவின் சபையிலேயே பிரெஞ்சுப் பாதிரியார் லூர்தெல், ஆங்கில மிஷனரி மெக்காய் சொல்வது பொய் என்றார். முட்டேசா குழம்பிப்போனார். வெள்ளைக்காரரில் ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு மதமா, நான் எதை நம்புவது என்பது அவருடைய நியாயமான கேள்வி.

அவர் மகன் முவாங்கா பயந்த சுபாவம். கிழக்கிலிருந்து வருபவர்கள் நாட்டைப் பிடிப்பார்கள் என்று அஞ்சினார். 1885 அக்டோபரில் அந்தத் திசையிலிருந்து வந்த பிஷப் ஹானிங்டன் கொல்லப்பட்டார். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் கிறிஸ்தவர்களான அரண்மனை இளைஞர்கள் பலர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே நெருப்பில் போனார்கள். ஆறு வருடம்கூட ஆகவில்லை, 1892இல் அதே இரு தரப்பும் தலைநகர் மெங்கோவில் ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் அதிகாரி லுகார்ட் தன் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியோடு புராட்டஸ்டன்ட் பக்கம் நின்றார். முவாங்காவின் பயம் வீண் பயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1894இல் நாடு பிரிட்டிஷ் பாதுகாப்புப் பிரதேசமானது.

சாட்டை யார் கையில்?

மலாவிக்குத் திரும்புவோம். மகோமேரோவுக்குச் சற்றுத் தள்ளி, ஸ்காட்லாந்து திருச்சபை 1876இல் ஒரு மிஷன் தொடங்கி, லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயரையே வைத்து பிளான்டயர் என்று அழைத்தது. அப்போது அங்கே காலனி அரசாங்கம் இல்லை. அடிமைத்தனத்துக்குத் தப்பி ஓடிவந்தவர்களும் வேறு பலரும் மிஷன் நிலத்தில் குடியேறினார்கள். திருட்டு நடந்தால் யார் விசாரிப்பது? மிஷனரிகளே நீதிபதியானார்கள், சிறை கட்டினார்கள், சாட்டையால் அடித்தார்கள். 1879இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனைச் சுட்டுக் கொல்லும் தண்டனை வரை போனது. கசையடியில் ஒருவன் இறந்தான். விசயம் ஸ்காட்லாந்தில் வெளியே வந்து நாறி, 1881இல் பொறுப்பிலிருந்தவர்கள் நீக்கப்பட்டார்கள்.

அரசாங்கம் இல்லாததால் வந்த வினை இது என்றால், அரசாங்கம் வந்தபின் வந்தது வேறு. பெல்ஜிய ராஜா லியோபோல்டின் காங்கோவில் ரப்பர் கொண்டுவராத கிராமத்தாரின் கைகள் வெட்டப்பட்டன. மிஷன் நிலையம் கட்ட நிலம் தர வேண்டியதோ அதே அரசு. வாயைத் திறந்தால் இடம் போகும், மூடினால் மனசாட்சி போகும். பலர் நெடுநாள் மூடியே இருந்தார்கள். வாய் திறந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஷெப்பர்ட், அமெரிக்கக் கறுப்பினப் பாதிரியார். 1899இல் ஒரு முகாமுக்குள் போய், புகையில் காயவைத்திருந்த வெட்டிய கைகளை எண்ணினார். 81. பின்னால் ரப்பர் கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது, 1909இல் அவர் விடுதலையானார். ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கில மிஷனரி 1904இல் எடுத்த படம் இன்றும் பார்க்க முடியாதது. தன் சிறு மகளின் வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தகப்பன். அப்படிப்பட்ட படங்களை ஊர் ஊராகக் காட்டித்தான் ஐரோப்பாவின் மௌனத்தைக் கலைத்தார்கள்.

படித்தவர்கள் கேட்டார்கள்

ஆட்சி இறுகிய காலத்தில் மிஷன்களுக்குள்ளேயும் நிறம் பார்ப்பது இறுகியது. 1890இல் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனரிகள், கிழவராகிவிட்ட குரவுதரின் ஆப்பிரிக்கப் பணியாளர்களை ஒழுக்கம் போதாது என்று வரிசையாக நீக்கினார்கள். பேரன் வயதுக்காரர்கள் பிஷப்பையே உட்காரவைத்துக் குற்றம் சொன்னார்கள். மனமுடைந்த அவர் 1891 டிசம்பர் 31 அன்று இறந்தார். அந்த இடத்துக்கு வெள்ளைக்காரரையே பிஷப்பாக நியமித்தார்கள்.

இதன் விளைவு, ஆப்பிரிக்கர்கள் தங்கள் சபைகளைத் தாங்களே தொடங்கினார்கள். எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கை நீட்டும் என்ற பொருளில் 68ஆம் சங்கீதத்தில் ஒரு வரி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு 1892இல் மங்கேனா மொகோனே தென்னாப்பிரிக்காவில் எத்தியோப்பிய சபை தொடங்கினார். காங்கோவில் பாப்டிஸ்ட் உபதேசியாரான சைமன் கிம்பாங்கு 1921இல் சில மாதங்கள் நோய் தீர்த்து, பிரசங்கம் செய்தார். கூட்டம் திரண்டதும் அரசு மிரண்டது. மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 30 வருடம் சிறையில் கிடந்து 1951இல் இறந்தார். அவர் பெயரிலான சபை இன்று ஆப்பிரிக்காவின் பெரிய சபைகளில் ஒன்று.

இப்போது மகோமேரோ.

லிவிங்ஸ்டனின் மகள் ஆக்னஸின் கணவர் புரூஸ் அந்தப் பகுதியில் மிகப் பெரிய நிலம் வாங்கினார். மெக்கன்சி விடுதலையானவர்களைக் குடிவைத்த மகோமேரோ, லிவிங்ஸ்டன் பேரனின் தோட்டமாயிற்று. அங்கே தங்காட்டா என்ற முறை நடந்தது. முதலில் அந்தச் சொல்லுக்கு ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்வது என்றுதான் பொருள். தோட்டத்தில் அது வாடகைக்குப் பதில் உடலுழைப்பு என்று மாறியது. அதுவும் மழைக்காலத்தில், குடியானவர் தன் சொந்தச் சோளத்துக்குக் களை எடுக்க வேண்டிய அதே நாட்களில். தோட்டத்தை நடத்திய துரையின் பெயரும் லிவிங்ஸ்டன்தான், வில்லியம் ஜெர்விஸ் லிவிங்ஸ்டன். தோட்டத்துக்குள் குடியானவர்கள் கட்டிய ஜெபக் கூடங்களைக் கொளுத்தியவர்.

அந்தக் கூடங்கள் ஜான் சிலெம்ப்வேயின் சபையைச் சேர்ந்தவை. சிலெம்ப்வே உள்ளூர்க்காரர். ஜோசப் பூத் என்ற மிஷனரியோடு 1897இல் அமெரிக்கா போய், அங்கே கறுப்பினத்தவரின் இறையியல் கல்லூரியில் படித்து, 1900இல் திரும்பி வந்து பக்கத்திலேயே சொந்த மிஷன் தொடங்கினார். பள்ளிகள் நடத்தினார், செங்கல்லில் பெரிய ஆலயம் கட்டினார். சுத்தமாக உடுத்துங்கள், குடிக்காதீர்கள், உழையுங்கள் என்று போதித்தார். எந்த மிஷனரியும் பெருமைப்படக்கூடிய மாணவர். முதல் உலகப் போரில் ஆப்பிரிக்கர்கள் வெள்ளைக்காரர் சண்டையில் ஏன் சாக வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தணிக்கை அதை நிறுத்தியது.

1915 ஜனவரி 23 இரவு அவருடைய ஆட்கள் மகோமேரோவில் புகுந்து துரையின் தலையை வெட்டினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தொடக்கூடாது என்பது சிலெம்ப்வேயின் கட்டளை. தொடவில்லை. மறுநாள் ஞாயிறு. கம்பத்தில் செருகிய அந்தத் தலை அருகே இருக்க, சிலெம்ப்வே ஆராதனை நடத்தினார். எதிர்பார்த்த பெரும் எழுச்சி வரவில்லை. பிப்ரவரி 3 அன்று எல்லையை நோக்கித் தப்பிப் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். அவர் கட்டிய ஆலயத்தை அரசாங்கம் வெடிவைத்துத் தகர்த்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1914இல், அந்தப் புதிய ஆலயத்தின் திறப்பையொட்டி எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. சிலெம்ப்வேயும் ஜான் சோர்லி என்ற வெள்ளை மிஷனரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவர் தலையிலும் தொப்பி. வெள்ளைக்காரர் முன்னிலையில் ஆப்பிரிக்கர் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்து எழுதாத சட்டம். சிலெம்ப்வே கழற்றவில்லை. மலாவியில் பிறந்த சிற்பி சாம்சன் கம்பாலு 2022இல் அந்தப் படத்தை வெண்கல நிறச் சிலைகளாக வடித்து லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு பீடத்தில் இரண்டு வருடம் நிறுத்தியிருந்தார். அதில் மிஷனரி ஆள் அளவுக்குத்தான் இருக்கிறார். பக்கத்தில் சிலெம்ப்வே அவரைவிட மிக உயரமாக, தொப்பியோடு.